பாட்டுக்கு உரியவர்கள்

இன்று பட்டம் பெறும் தம்பி தங்கையரே, 

மரக்காணம் உப்பளங்களைப் பார்த்தால் எனக்கு ஓமந்தூராரின் நினைவுதான் வரும். இதே வட்டாரத்தில், திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியார் 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் முதல்வர். பதிப்புரிமை வழக்கறிஞனான எனக்கு அந்த ஆட்சியின் ஒரு செயல் மிகப் பெரிது.

பாரதி 1921இல் மறைந்தார். அவர் பாடல்களைத் திரையிலும் இசைத்தட்டிலும் பயன்படுத்தும் உரிமை பல கைமாறி ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 1948இல் டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடல் ஒன்று இடம்பெற, தகராறு மூண்டது. பாரதி பாடல் தமிழர் எல்லாருக்கும் பொது என்று நாரண துரைக்கண்ணன் முதலான எழுத்தாளர்கள் கிளர்ச்சி செய்தார்கள். மெய்யப்பச் செட்டியார் பணம் கேட்காமல் உரிமையை விட்டுக்கொடுத்தார். 1949இல் அரசு பாரதியின் உரிமைகளைக் கையகப்படுத்தியது. குடும்பத்துக்குப் பணம் தந்தது. 1950களில் எல்லாருக்கும் பொதுவாக்கியது. அன்றைய சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுவரை உரிமை உண்டு. அரசு தலையிடாமல் இருந்திருந்தால் 1971வரை காத்திருந்திருப்போம். தாகூர் விஷயத்தில் நேர்மாறு: அவர் எழுத்துக்கான காலம் முடியும் தறுவாயில் சட்டத்தையே திருத்தி 60 ஆண்டாக்கினார்கள்.

எழுதியவன் வீட்டில் அடுப்பெரிய வேண்டும். எழுத்து ஊருக்கும் போய்ச் சேர வேண்டும். அரசு இரண்டையும் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தில்லியில் இயங்கும் பதிப்புரிமை அலுவலகத்துக்கு இதில் பங்கு உண்டு. நீங்கள் எழுதி முடித்த கணமே உரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. ஆனால் வழக்கு என்று வந்தால் அந்தப் பதிவேடு முதல்நிலைச் சான்று. ஒரு நூலுக்குக் கட்டணம் 500 ரூபாய். ஆட்சேபணைக்கு 30 நாள் விடுவார்கள். உரிமையை உலகுக்கே விட்டுவிட விரும்பினாலும் அங்கே எழுதிக் கொடுக்கலாம்.

நான் படித்த காலத்தில் விடுதி நண்பன் ஒருவன் நாடகம் எழுதினான். கால வரையறை இல்லாத தாளில் கையெழுத்துப் போட்டான். அதன்பின் அவன் நாடகத்தை அவனே மேடையேற்ற முடியவில்லை. இன்றைய சட்டம் ஒப்பந்தத்தில் காலம் குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்கிறது. ஆகவே தம்பி, கையெழுத்துக்கு முன் அந்த இரண்டு வரியையும் தேடிப் படியுங்கள்.

உங்களில் சிலர், உப்பளத்தில் வேலை செய்யும் அம்மா, ஆயாக்களின் பாட்டைச் செல்பேசியில் பதிகிறீர்கள் என்று கல்லூரி முதல்வர் சொன்னார். மிக்க மகிழ்ச்சி. தலைமுறை தலைமுறையாக வரும் பாட்டு யாருக்கும் தனிச்சொத்து இல்லை. உங்கள் ஒலிப்பதிவுக்கு உரிமை உங்களுக்கு. பாடிய ஆயாவுக்கோ, நிகழ்த்துநர் உரிமை என்று 50 ஆண்டு உண்டு. அவர் பெயரை எழுதுங்கள், சம்மதத்தைக் கேளுங்கள், வருமானம் வந்தால் பங்கைக் கொடுங்கள்.