ஒரே மின்னல், இரண்டு மனிதர்



கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் நம் வீட்டுப் பிள்ளைகள் சூப்பர் ஹீரோ படங்களை விரும்பிப் பார்க்கிறார்கள். பறப்பதும் அடிப்பதும்தானே என்று பெரியவர்கள் நாம் எழுந்து போய்விடுகிறோம். ஆனால் 2021 டிசம்பர் 24 அன்று வெளிவந்த 'மின்னல் முரளி' படத்தை நாமும் அவர்களோடு உட்கார்ந்து பார்க்கலாம். பேசில் ஜோசப் மலையாளத்தில் இயக்கிய இப்படம் தமிழிலும் கிடைக்கிறது.

கேரளத்துச் சிற்றூர் ஒன்றில், கிறிஸ்து பிறப்புக்கு முந்தின இரவு, இருவர்மேல் மின்னல் விழுகிறது. ஒருவர் தையற்காரர் ஜெய்சன். மற்றவர் தேநீர்க் கடையில் வேலை செய்யும் ஷிபு. நம் தமிழ் நடிகர் குரு சோமசுந்தரம் ஷிபுவாக வாழ்ந்து காட்டியிருக்கிறார். இருவருக்கும் ஒரே ஆற்றல் கிடைக்கிறது. ஒருவர் ஊரைக் காக்கிறார். மற்றவர் அதே ஊரை அழிக்க வருகிறார்.

ஏன் இந்த வேறுபாடு? ஜெய்சனுக்கு ஒரு வீடு இருந்தது. தாம் பெறாத பிள்ளையைத் தம் பிள்ளையாகவே வளர்த்த தந்தை இருந்தார். காமிக்ஸ் படித்து வளர்ந்த அக்காள் மகன் மாமனை நம்பிக் கூடவே நின்றான். ஷிபுவுக்கு ஊர் கொடுத்தது பைத்தியக்காரன் என்ற பட்டம். அவர் செய்த கொலைகளுக்கு அவரே பொறுப்பு, அதில் ஐயமில்லை. ஆனால் அவர் உயிராய் நேசித்த பெண்ணும் அவள் மகளும் மாண்டது ஊரார் வைத்த தீயில். அந்தப் பாவத்துக்கு யார் பொறுப்பு?

மாற்கு நற்செய்தியின் 5-ஆம் அதிகாரத்தில், சங்கிலிகளையும் உடைத்துக்கொண்டு கல்லறைகளில் அலைந்த ஒருவரைக் காண்கிறோம். இயேசு அவரை விடுவிக்கிறார். அவரோ இயேசுவுடனேயே இருந்துவிட வேண்டுகிறார். ஆண்டவர் இசையவில்லை, வீட்டுக்கு, உறவினரிடம் போகும்படி அனுப்புகிறார். பேய் நீங்கினால் மட்டும் போதாது. திரும்பிப் போக ஒரு வீடும், திறந்திருக்கும் ஒரு கதவும் வேண்டும்.

மனிதரை ஒதுக்கும் பாவம் நம் புதுச்சேரிக்கும் புதிதல்ல. பழைய சம்பா கோவிலுக்குள்ளேயே ஒருகாலத்தில் சாதியின் பேரால் மக்களைப் பிரித்து ஒரு சுவர் நின்றது. 1745-இல் அது இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கல்லால் கட்டிய சுவர் விழுந்தது. நாம் மனத்தில் கட்டியவை எல்லாம் விழுந்துவிட்டனவா?

நம் தெருவிலும் ஒரு ஷிபு இருக்கிறார். குடிகாரர் என்றோ, மனநிலை சரியில்லாதவர் என்றோ, சிறைக்குப் போய் வந்தவர் என்றோ அவருக்கு நாமே பெயர் வைத்திருக்கிறோம். திருப்பலியில் கடைசி வரிசையில் அமர்ந்து, யாரோடும் பேசாமல் போய்விடுகிறார். அன்பியக் கூட்டத்துக்கு அவரை நாம் கூப்பிட்டதே இல்லை. அவருக்குள்ளும் இறைவன் ஓர் ஆற்றலை வைத்திருக்கிறார். அது நன்மைக்கா தீமைக்கா என்பதில் நமக்கும் பங்கு உண்டு.

இந்த ஆண்டு குடில் வைத்து முடித்ததும், பலகாரத் தட்டோடு முதலில் அவர் வீட்டுக்குப் போவோம். அவரைப் பட்டப்பெயர் சொல்லாமல், திருமுழுக்கில் பெற்ற பெயரைச் சொல்லி அழைப்போம்.

விடுதியில் இடமின்றித் தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்ட ஆண்டவரே, எங்கள் கதவுகளைத் திறந்தருளும். ஆமென்.