மாதிரித் தேர்வும் வாரியத் தேர்வும்
(புணே நகரில் பயிற்சி மருத்துவர்களிடையே நிகழ்த்திய உரை)



1982-ஆம் ஆண்டில் தன்னாட்சி பெற்ற தேசியத் தேர்வு வாரியம் வழங்கும் டி.என்.பி. பட்டத்திற்கு இந்நகரில் ரூபி ஹால், கே.இ.எம். முதலிய மருத்துவமனைகளில் பயிற்சி அளிக்கப்படுகிறது. எழுத்துத் தேர்வில் நான்கு தாள்கள்; ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். மொத்தம் 200 மதிப்பெண் பெற்றாலன்றிச் செய்முறைத் தேர்வு எழுத இயலாது.

இதற்கென மருத்துவமனைகளில் நடத்தப்பெறும் மாதிரித் தேர்வுகள் வேகத்தையும் விடையின் அமைப்பையும் கற்பிக்கின்றன, மறுப்பதற்கில்லை. ஆயினும் அங்கே வினாவை அமைப்பவரும் விடையைத் திருத்துபவரும் நம் ஆசிரியரே. நாம் சொல்ல வந்தது இன்னதென அவர் அறிவார். விடுபட்டதைத் தம் மனத்திலேயே நிரப்பிக்கொள்வார்! வாரியத்தின் திருத்துநரோ தாளில் உள்ளதற்கு மட்டுமே மதிப்பெண் இடுவார். மாதிரித் தேர்வின் மதிப்பெண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதற்கு இதுவே முதற் காரணம்.

செய்முறைத் தேர்வில் இடைவெளி இன்னும் பெரிது. நம் வார்டிலுள்ள நோயாளியின் நோய் முன்பே நமக்குத் தெரியும். மெய்த் தேர்விலோ முன்பின் அறியாத நோயாளி, வெளியூர்த் தேர்வாளர், சுருங்கிய நேரம். அங்கே தோற்றவர் அடுத்த தேர்வுக்காகப் பல மாதங்கள் காத்திருக்கிறார். அம்மாதங்களில் நாட்டிற்கு ஒரு சிறப்பு மருத்துவர் குறைகிறார்.

ஆகவே நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். புணேயின் மருத்துவமனைகள் மாதிரித் தேர்வுக்கேனும் தம் தேர்வாளர்களைப் பரிமாறிக்கொள்ளலாம். ஒரு மருத்துவமனையின் மாணவர், மற்றொன்றின் நோயாளியை, அங்குள்ள ஆசிரியர் முன்னிலையில் பரிசோதிக்கட்டும். இதற்குப் புதிய கட்டடமோ தனி நிதியோ தேவையில்லை. ஆண்டுக்கு இரண்டு நாட்கள் ஒதுக்கினால் போதும்.