மாசியில் வீட்டுத்தோட்டம்

வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழை ஓய்ந்து, மார்ச் மாத இடைப்பருவ மழை, அதாவது இரு பருவப்பெயர்ச்சிகளுக்கு நடுவே பிற்பகல்களில் இடியுடன் பெய்யும் மழை, தொடங்கும் முன் வரும் பெப்ரவரியே கொழும்பு வீட்டுத்தோட்டத்துக்கு ஆயத்தக் காலமாகும். காய்த்து ஓய்ந்த பயற்றங்கொடியைப் பிடுங்காமல் அடியில் அறுத்துவிட்டால், காற்றின் நைதரசனைப் பயிருக்கு உணவாக்கும் பற்றீரியாக்கள் வாழ்ந்த வேர்முடிச்சுகள் மண்ணிலேயே உக்கிப் பசளையாகும். அறுத்த கொடியை உலர்ந்த இலைகளோடு பரப்பினால், அதுவே வெயிலில் மண்ணின் ஈரம் காக்கும் மூடுபடையாகும். புறக்கோட்டை, வெள்ளவத்தை மாடிவீடுகளில் நிலமில்லாதோருக்குச் சாக்கும் வாளியும் போதும். ஆனால் அடியில் துளையின்றி நீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும். 2022 ஜூனில், உணவுத் தட்டுப்பாட்டுக்கு அஞ்சி, அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை தந்து பயிரிடச் சொன்ன நாட்டில் இவ்வேலையை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்குவது தவறு. கத்தரி, மிளகாய் விதைகளை இவ்வாரமே நாற்றுமேடையில் இடுங்கள்.