பத்திரமும் பழக்கமும்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தொழில் அனுபவத்திலிருந்து ஏதாவது பேசுங்கள். ஆனால் ரொம்ப டெக்னிக்கலாக வேண்டாம், எல்லாரும் குடும்பத்தோடு வருகிறார்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். ஆகவே ஒரு விளையாட்டைப் பற்றிப் பேசப்போகிறேன். என் தொழில் தானாகவே அதற்குள் வந்துவிடும்.

நான் இங்கே மெக்கானிக்கல் முடித்து, மேல்படிப்புக்கு அமெரிக்கா போய், மிச்சிகன் மாநிலத்தில் கார் பாகங்கள் வடிவமைக்கும் வேலையில் இருப்பவன். அந்த ஊரில் செப்டம்பர் தொடங்கி நவம்பர் முடிய, சனிக்கிழமை என்றாலே கல்லூரி ஃபுட்பால்தான். நம்ம ஊர் கால்பந்து என்று நினைத்துவிடாதீர்கள். இது முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற, எறிகிற ஆட்டம். ஆன் ஆர்பர் நகரில் உள்ள மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். அத்தனை பேரும் பார்க்க வருவது மாணவர்கள் ஆடுகிற ஆட்டத்தை! நம் கல்லூரி மைதானத்தில் மரத்தடியில் நின்று பார்த்த நாற்பது பேரை நினைத்துக்கொண்டேன்.

விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். மூன்று வாய்ப்புகள் போய்விட்டன, இன்னும் ஓரிரு யார்டு பாக்கி இருக்கிறது என்றால் என்ன செய்வது? கோலுக்கு அருகில் இருந்தால் உதைத்து 3 புள்ளிகள் வாங்கலாம். துணிந்து நான்காவது முறையும் முயலலாம், தவறினால் அந்த இடத்திலேயே பந்து எதிரணிக்கு. அல்லது பந்தைத் தூரமாக உதைத்து, 'எடுத்துக்கொள், ஆனால் தூரத்திலிருந்து தொடங்கு' என்று கொடுத்துவிடலாம். இதற்கு 'பண்ட்' என்று பெயர். துணிவதா, பண்ட் அடிப்பதா என்பதுதான் அங்கே கோச்சுகளின் தலையெழுத்து. தோற்றுவிட்டால் அடுத்த ஒரு வாரம் டீக்கடை, ஆபீஸ், சர்ச் வாசல் எல்லா இடத்திலும் இதே பேச்சுதான். (டீக்கடை நம் ஊர்ச் சொல். அங்கே காபிக் கடை.)

2015 அக்டோபர் 17 அன்று நடந்த ஆட்டத்துக்கு வருகிறேன். மிச்சிகன் பல்கலைக்கழகமும் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகமும் மோதின. ஒரே மாநிலம், பங்காளிச் சண்டை. மிச்சிகனுக்கு ஜிம் ஹார்பா கோச்சாக வந்த முதல் வருடம். ஆட்டம் முடிய 10 வினாடிகள். மிச்சிகன் 23-21 என்று முன்னணியில் இருக்கிறது. நான்காவது வாய்ப்பு, 2 யார்டு பாக்கி, பந்து எதிரணியின் 47-வது யார்டில். பண்ட் அடித்துவிட்டால் ஆட்டம் அநேகமாக முடிந்தது. அதைத்தான் செய்தார்கள்.

பின்னால் நின்ற உதைப்பாளருக்குப் பந்து தாழ்வாக வந்தது. கையில் நிற்காமல் நழுவியது. பொறுக்கி உதைக்கப் பார்த்தார், அதற்குள் எதிரணியினர் மேலே விழுந்துவிட்டார்கள். துள்ளிய பந்து மிச்சிகன் ஸ்டேட்டின் ஜேலன் வாட்ஸ்-ஜாக்சன் கையில் விழ, அவர் 38 யார்டு ஓடிக் கோட்டைத் தொட்டபோது கடிகாரத்தில் பூஜ்யம். 27-23. அந்தக் கடைசி நொடி வரை ஆட்டம் முழுவதும் ஒரு முறைகூட முன்னணியில் இல்லாத அணி வென்றுவிட்டது.

திங்கட்கிழமை எங்கள் ஆபீஸில் வேலை நடந்ததாக நினைவில்லை. பாதிப் பேர் இந்தக் கல்லூரி, பாதிப் பேர் அந்தக் கல்லூரி. "ஏன் பண்ட்? கோழைத்தனம்!" என்றார் ஒருவர். "2 யார்டு ஓட முடியாதா?" என்றார் இன்னொருவர். "பந்தை ஆகாயத்தில் நீளமாக வீசியிருந்தால் பாதி நேரம் அதிலேயே போயிருக்குமே" என்றார் மூன்றாமவர். நாலாமவர், "எல்லாரும் செய்வதைத்தானே அவர் செய்தார், விதி!" என்று முடித்துவிட்டார்.

எனக்கு இந்தப் பேச்சில் ஒரு குறை தெரிந்தது. முடிவு கெட்டுப்போனதால், எடுத்த தீர்மானமும் கெட்டது என்று எல்லாரும் முதலிலேயே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். ஹெல்மெட் போடாமல் பைக்கில் போய்ப் பத்திரமாக வீடு சேர்ந்தவனைக் கெட்டிக்காரன் என்போமா? ஹெல்மெட் போட்டும் அடிபட்டவனை முட்டாள் என்போமா? தீர்மானத்தை எடை போட வேண்டியது அந்த நிமிடத்தில் தெரிந்திருந்ததை வைத்து. அடுத்த நிமிடத்தில் நடந்ததை வைத்து அல்ல.

அந்த நிமிடத்தில் என்ன தெரிந்திருந்தது? மிச்சிகன் ஸ்டேட் அணி, உதைத்து வரும் பந்தைப் பிடிக்கப் பின்னால் ஒரு ஆளைக்கூட நிறுத்தவில்லை. உதையைத் தடுக்க அத்தனை பேரையும் முன்னால் கொண்டுவந்துவிட்டது. மிச்சிகனோ வழக்கம்போல இரண்டு பேரைத் தொலைவில் இரு ஓரங்களிலும் நிறுத்தியிருந்தது. அவர்களுடைய வேலை, பந்தைப் பிடிப்பவரை ஓடிப்போய் மடக்குவது. பிடிக்கவே ஆள் இல்லாதபோது யாரை மடக்குவது? அந்த இரண்டு பேரையும் உள்ளே அழைத்து உதைப்பாளருக்கு முன்னால் சுவராக நிறுத்தியிருக்கலாம்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. பண்ட் என்ற தீர்மானத்தில் பெரிய தவறு இல்லை. ஆனால் பத்திரமாக ஆடுவது வேறு, பழக்கத்தில் ஆடுவது வேறு. 'எந்த வழியாக இது கெட்டுப்போகும்?' என்று கேட்டு, அந்த வழியை அடைப்பது பத்திரம். 'எப்போதும் செய்வதைச் செய்வோம்' என்பது பழக்கம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். இரண்டுக்குமே 'எச்சரிக்கை' என்றுதான் பெயர் வைக்கிறோம்.

சரியான எச்சரிக்கைக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். அதற்காக இன்றைக்கும் அவரைத் திட்டுகிறவர்கள் உண்டு. 1966 நவம்பர் 19. நோட்ர டேம், மிச்சிகன் ஸ்டேட் ஆகிய இரண்டும் நாட்டின் முதல் இரண்டு இடங்களில் இருந்த அணிகள். ஆட்டம் 10-10 என்று சமன். நோட்ர டேமிடம் பந்து, தங்கள் பக்கத்து 30-வது யார்டில். ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் பாக்கி. கோச் ஆரா பார்சீகியன் பெரும்பாலும் ஓடி ஓடியே நேரத்தைக் கழித்தார். வெறும் டிராவுக்காக ஆடினார் என்று பழி. ஆனால் அவரிடம் காரணம் இருந்தது. முக்கிய ஆட்டக்காரர் ஹான்ராட்டி காயம்பட்டு வெளியே போயிருந்தார். மாற்றாக வந்த ஓ'பிரையன் சர்க்கரை நோயாளி, களைத்துப் போயிருந்தார். ஒரு தவறான எறி போதும், ஆட்டம் கைவிட்டுப் போகும். இன்னும் ஒரு ஆட்டம் வேறு பாக்கி இருந்தது. அடுத்த வாரம் தென் கலிஃபோர்னியாவை 51-0 என்று வென்றார்கள், சாம்பியன் பட்டமும் கிடைத்தது. பட்டம் வந்ததால் அவர் சரி என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் ஆபீஸ் நண்பர்கள் செய்ததையே நானும் செய்கிறேன். காரணங்கள் கையில் இருந்தன, அதனால் அது பத்திரம்.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். 1984 ஜனவரி 2, ஆரஞ்ச் பவுல் ஆட்டம். நெப்ராஸ்கா அந்த ஆண்டு தோல்வியே காணாத அணி. முடிய 48 வினாடிகள் இருக்கும்போது கோட்டைத் தொட்டு 31-30 என்று நெருங்கிவிட்டார்கள். ஒரு புள்ளிக்கு உதைத்திருந்தால் டிரா, பட்டம் அநேகமாக அவர்களுக்கே. கோச் டாம் ஆஸ்பார்ன் வெற்றிக்காக 2 புள்ளிக்கு முயன்றார். எதிரணியான மயாமி பந்தைத் தட்டிவிட்டது. தோல்வி. பட்டமும் மயாமிக்கே போனது. ஆனால் 'டிராவுக்கு ஆடி வாங்கும் பட்டம் வேண்டாம்' என்று நின்ற மனிதரை மக்கள் இன்றும் மதிக்கிறார்கள். அவருக்கு முதல் பட்டம் கிடைத்தது 1994-இல். அதாவது துணிவோ எச்சரிக்கையோ, எதற்காகச் செய்கிறோம் என்று தெரிந்து செய்தால் தோற்றாலும் நிமிர்ந்து நிற்கலாம்.

இதே மயாமி 2023 அக்டோபர் 7 அன்று ஜார்ஜியா டெக் அணியிடம் 20-17 என்று வென்றுகொண்டிருந்தது. பந்தோடு ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றியிருந்தால் போதும், நேரம் தானாக ஓடி ஆட்டம் முடிந்திருக்கும். அதற்குப் பதிலாக வழக்கமான ஒரு ஓட்டத்தை ஆடினார்கள். பந்து நழுவியது. அரை நிமிடத்துக்குள் ஜார்ஜியா டெக் மைதானத்தின் முக்கால் நீளத்தைக் கடந்து 23-20 என்று வென்றுவிட்டது. இதைத் துணிவு என்று சொல்ல முடியுமா? வெறும் பழக்கம். யாரும் நின்று யோசிக்கவில்லை.

ஏன் கோச்சுகள் இப்படிப் பழக்கத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள்? பெர்க்லியில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த டேவிட் ரோமர் 2006-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். தொழில்முறை அணிகளின் 1998, 1999, 2000 ஆண்டுகளின் ஆட்டங்களை எடுத்துக் கணக்குப் போட்டு, நான்காவது வாய்ப்பில் துணிந்து முயல வேண்டிய பல இடங்களில் அணிகள் உதைத்துவிடுகின்றன என்று காட்டினார். எனக்குத் தோன்றும் காரணம் எளிது. எல்லாரும் செய்வதைச் செய்து தோற்றால், பழி பந்தை நழுவவிட்ட பையன் தலையில். புதிதாக ஒன்று செய்து தோற்றால், பழி கோச் தலையில். வேலையும் போகும். ஆகவே பல நேரம் 'பத்திரம்' என்பது அணிக்குப் பத்திரம் இல்லை, தீர்மானிக்கிறவருக்குப் பத்திரம்!

அதற்காக எப்போதும் துணிந்துவிடு என்றும் சொல்லவில்லை. அர்க்கன்சா மாநிலத்தில் கெவின் கெல்லி என்ற பள்ளிக் கோச், பண்டே அடிப்பதில்லை என்று பெயர் வாங்கி மாநிலப் பட்டங்களை அள்ளினார். 2021-இல் பிரெஸ்பிடேரியன் கல்லூரிக்கு அழைத்தார்கள். அங்கே 2 வெற்றி, 9 தோல்வி. துணிவும் யோசிக்காமல் செய்தால் இன்னொரு பழக்கம்தான்.

இப்போது நம் தொழிலுக்கு வருவோம். என் துறையில் புது வண்டிக்கு வேலை ஆரம்பித்ததும் முதலில் கேட்கும் குரல், "பழைய பாகத்தையே போடுப்பா, ஓடினதுதானே, ரிஸ்க் இல்லை." இது எச்சரிக்கை மாதிரி ஒலிக்கும். ஆனால் 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட்டுக்கு என்ன ஆயிற்று? ஏரியன் 4-இல் நன்றாக ஓடிய மென்பொருளை அப்படியே எடுத்து வைத்தார்கள். புது ராக்கெட்டின் வேகம் அதிகம். ஒரு பெரிய எண்ணை 16 பிட் இடத்துக்குள் அடைக்கப் போய், கொள்ளாமல், வழிகாட்டும் கருவி நின்றுபோனது. மேலே கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ராக்கெட் சிதறியது. அந்தக் கணக்கு, ராக்கெட் கிளம்பிய பிறகு தேவையே இல்லாத கணக்கு. பிடிக்க ஆள் இல்லாத பந்துக்கு ஓரத்தில் நின்ற இரண்டு பேர் மாதிரி! 'ஓடினதுதானே' என்று கேட்டவர்கள், 'எந்த நிலைமையில் ஓடியது?' என்று கேட்கவில்லை.

இன்னொரு விஷயம், மாணவர்களுக்காக. 2015 ஆட்டத்தில் பந்தை நழுவவிட்டவர் ஆஸ்திரேலியாவிலிருந்து படிக்க வந்த மாணவர். அவர் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை, வேண்டிய அளவு சொல்லிவிட்டார்கள். அன்று இரவே அவருக்கு வந்த வசவுகள், மிரட்டல்கள்! பல்கலைக்கழக விளையாட்டுத் துறைப் பொறுப்பாளர் ஜிம் ஹேக்கெட் பகிரங்கக் கடிதம் எழுதி ரசிகர்களைக் கண்டிக்க வேண்டியதாயிற்று. வென்ற பக்கத்தில் கதை என்ன தெரியுமா? ஓடிப்போய்க் கோட்டைத் தொட்ட வாட்ஸ்-ஜாக்சனுக்கு அதே ஓட்டத்தின் முடிவில் இடுப்பு மூட்டு விலகி எலும்பு முறிந்தது. ஊரே கொண்டாடிய இரவில் அவர் ஆஸ்பத்திரியில். இரண்டு பேருமே உங்களைப் போல வகுப்புக்குப் போகிற மாணவர்கள்தான்.

கோச் எடுத்த தீர்மானத்தை விமர்சிக்க ரசிகருக்கு உரிமை உண்டு. ஒரு லட்சம் பேர் டிக்கெட் வாங்குகிறார்கள், பேசத்தான் செய்வார்கள். ஆனால் பேச்சு தீர்மானத்தோடு நிற்க வேண்டும், கை நழுவிய பிள்ளை மேல் ஏறக் கூடாது. நாளை நீங்கள் ஒரு டீமில் வேலை பார்ப்பீர்கள். ஏதோ ஒன்று கெட்டுப்போகும். எல்லாரும் கடைசியாகத் தொட்டவனைத் தேடுவார்கள். அப்போது "தொட்டவன் யார் என்பது இருக்கட்டும் சார், அந்த இரண்டு பேரை ஏன் ஓரத்தில் நிறுத்தினோம்?" என்று கேட்கிற ஒரு ஆள் அந்த அறையில் வேண்டும். நம் கல்லூரியில் படித்தவர் அந்த ஆளாக இருந்தால் எனக்குப் பெருமை.

படிப்பு, வேலை, தொழில் எதுவாக இருந்தாலும் 'பத்திரமான வழி' என்று யாராவது காட்டும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இது எந்த வழியில் கெடும்? அந்த வழியை அடைத்துவிட்டோமா? இது யாருக்குப் பத்திரம்? மூன்றுக்கும் பதில் கிடைத்தால் தயங்காமல் பண்ட் அடியுங்கள். கிடைக்கவில்லை என்றால், 2 யார்டுதானே, ஓடிப் பாருங்கள்!

சாப்பாட்டு நேரம் நெருங்குகிறது, அந்தக் கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கிறது.