ஆறு நடுவே, நாடு இருபுறமும்
(ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்காங்க. காம்பியா என்ற குட்டிக் குடியரசைப் பற்றிப் பேசுகிறேன். மேற்கு ஆப்பிரிக்காவில், அட்லாண்டிக் கரையில் இருக்கிறது. பரப்பளவு சுமார் 11,300 சதுர கி.மீ.தான். வரைபடத்தில் பாருங்க, செனகல் நாட்டின் வயிற்றுக்குள் விரலை நீட்டின மாதிரி இருக்கும். நீளம் 300 கி.மீ.க்கு மேல், அகலம் அதிகபட்சம் சுமார் 50 கி.மீ. நடுவே காம்பியா ஆறு ஓடுகிறது. ஆறும் அதன் இரு கரைகளும்தான் நாடே!

இந்த வடிவம் எப்படி வந்தது? கினியா மலையில் பிறக்கும் இந்த ஆற்றில் கடற்கப்பல்கள் வெகுதூரம் உள்ளே போகலாம். அடிமை வணிகம் இதன் வழியாகத்தான் நடந்தது. 1816இல் ஆங்கிலேயர் ஆற்றின் வாயில் பாதர்ஸ்ட் நகரை அமைத்தார்கள். 1973 முதல் அதன் பெயர் பாஞ்சுல். 1889இல் பிரிட்டனும் பிரான்சும் பேசி முடித்தன: ஆற்றங்கரை இவருக்கு, சுற்றியுள்ள நிலம் அவருக்கு. கோட்டின் இரு பக்கமும் அதே மண்டிங்கா, ஓலோஃப், ஃபுலா மக்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

காம்பியா 1965இல் விடுதலை பெற்றது, 1970இல் குடியரசானது. 1982இல் செனகலோடு கூட்டமைப்பு ஏற்பட்டது, 1989இல் கலைந்தது.

இந்தக் கோட்டால் அதிகம் சிரமப்பட்டது செனகலின் தென்பகுதியான கசமான்ஸ். அங்கிருந்து தலைநகர் டாக்கருக்கு நேர்வழியில் போக, காம்பியாவுக்குள் புகுந்து படகுத்துறையில் காத்திருக்கணும். லாரிகள் நாள்கணக்கில் நிற்கும். அதனால் பலர் கடல்வழியை நம்பினார்கள். 2002 செப்டம்பர் 26 இரவு, 'ஜூலா' என்ற கப்பல் காம்பியக் கடலருகே புயலில் கவிழ்ந்து, 1,800க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சுமார் 580 பேருக்கான கப்பல் அது. அளவுக்கு மீறி ஏற்றியது குற்றம்தான். ஆனால் அத்தனை பேர் ஏன் அதில் ஏறினார்கள் என்பதையும் கேட்க வேண்டாமா?

2019 ஜனவரியில் ஃபராஃபென்னி அருகே பாலம் திறந்தார்கள். காம்பியாவுக்குள் ஆற்றின் இரு கரையையும் இணைத்த முதல் பாலம் அது. இப்போது சில நிமிடத்தில் அக்கரை போகலாம்.

கோடு போட்டது 1889. பாலம் வந்தது 2019. இடையில் 130 ஆண்டுகள். நண்பர்களே, வரைபடத்தில் ஒரு கோடு இழுப்பது சுலபம். அதைக் கடக்க வழி செய்யும் வேலைதான் நம்மைப் போன்றவர்களிடம் வந்து சேர்கிறது. அது தாமதமானால் விலை கொடுப்பவர்கள் கோடு போட்டவர்கள் அல்ல.