கண்ணின் வரிசையும் செவியின் வரிசையும்



'கெ' என்னும் எழுத்தில் நம் கண் முதலில் காண்பது கொம்பை. செவி முதலில் கேட்பதோ ககர மெய்யை. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்று தொல்காப்பியர் வகுத்ததும் செவியின் வரிசையே. பழைய எழுத்துருக்கள் பல கண்ணைப் பின்பற்றிக் கொம்பை முன்வைத்தன. யூனிகோடும் பாரதி பிரெயிலும் செவியைப் பின்பற்றுகின்றன. அதனாலேயே ஒரே பாடத்தைக் கண்ணுக்கு எழுத்தாகவும் செவிக்கு ஒலியாகவும் விரலுக்குப் புள்ளியாகவும் இடைமுகம் எளிதில் மாற்றித் தருகிறது. (தொல்காப்பியர் இதற்கு வியக்கமாட்டார்!)

ஆயினும், பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டவையும் வெறும் படமாக வருடப்பட்டவையுமான பயிற்சித்தாள்கள் இன்றும் உலவுகின்றன. பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பான் முன்னதை உரோமன் எழுத்துக் குவியலாக உளறும். பின்னதன் முன் பெரும்பாலும் வாய்மூடி நிற்கும். தேர்வு நேரமோ அவருக்காக நிற்பதில்லை. அடுத்த தாளை அனுப்புமுன், என்விடிஏ என்னும் கட்டணமில்லாக் கருவியில் அதனை நாம் ஒருமுறை வாசிக்கவிட்டுக் கேட்போமாக.