ஒன்று கூடினும் ஒன்று குறையினும்



ஆப்ப மாவில் சிறிது கள் ஊற்றி வைத்தால், காலையில் மாவு பொங்கி நிற்கும். அதைப் பொங்க வைப்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுயிர். அதன் பெயர் ஈஸ்ட். ரொட்டியை உப்ப வைப்பதும் இந்த உயிர்தான். இதைக் கொண்டு விஞ்ஞானிகள் அறிந்த ஓர் உண்மையை இன்று பார்ப்போம்.

ஈஸ்டின் உடலில் ஏறக்குறைய 6,000 மரபணுக்கள் உண்டு. எந்த வேலையை எப்படிச் செய்வது என்னும் கட்டளைகளே மரபணுக்கள். கயிற்றில் கோத்த மணிகள்போல், 16 குரோமோசோம்களில் அவை வரிசையாக அமைந்துள்ளன. 1996-ஆம் ஆண்டில் இந்த வரிசை முழுவதும் அறியப்பட்டது.

ஓர் உயிரணு இரண்டாகும்போது, எல்லா மரபணுக்களும் படியெடுக்கப்படுகின்றன. அப்போது சில வேளைகளில் ஒன்று இருமுறை பதிவாகிவிடும். ஒன்று விடுபட்டும் போகும். ஆறாயிரத்தில் எது கூடியது, எது குறைந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரட்டுக்களத்தில் கிராணி பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கு எடுப்பார் அல்லவா? மரபணுக்களுக்கும் அப்படி ஒரு கணக்கெடுப்பு உண்டு. அதற்கு உதவுவது 'டி.என்.ஏ. மைக்ரோஅரே' என்னும் சிறு கண்ணாடித் தகடு. அதில் ஆயிரக்கணக்கான புள்ளிகள் இருக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு மரபணுவின் டி.என்.ஏ. ஒட்டப்பட்டிருக்கும். பழைய ஈஸ்டின் டி.என்.ஏ.வுக்குப் பச்சைச் சாயமும், ஆராய வேண்டிய ஈஸ்டின் டி.என்.ஏ.வுக்குச் சிவப்புச் சாயமும் ஏற்றி, இரண்டையும் சம அளவில் கலந்து தகட்டில் இடுவார்கள். ஒவ்வொரு துண்டும் தன் இணை இருக்கும் புள்ளியில் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு லேசர் ஒளியால் கணக்கிடுவார்கள். புள்ளி மஞ்சளாகத் தெரிந்தால் இரண்டும் சமம், சிவப்பானால் அந்த மரபணு கூடியிருக்கிறது, பச்சையானால் குறைந்திருக்கிறது.

சர்க்கரை மிகக் குறைவான நீரில் ஏறக்குறைய 450 தலைமுறைகள் வளர்ந்த ஈஸ்டைப் பற்றி 1998-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சர்க்கரையை உள்ளே இழுக்கும் மரபணு அதில் பல படிகளாகப் பெருகியிருந்தது. ஈஸ்ட் திட்டமிட்டு இதைச் செய்யவில்லை. தற்செயலாகக் கூடுதல் படி பெற்றவை பசியைத் தாங்கிப் பெருகின, மற்றவை பின்தங்கின. 2002-இல் இப்படி வளர்த்த 8 ஈஸ்ட் வகைகளை மைக்ரோஅரேயில் இட்டுப் பார்த்தபோது, பலவற்றில் குரோமோசோம் துண்டுகளே கூடியும் குறைந்தும் இருந்தன.

ஈஸ்டுக்கு உதவிய இத்தகைய மாற்றம் மனிதருக்குப் பெரும்பாலும் தொல்லையே தரும். டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைக்கு 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருக்கும். இது 1959-இல் நுண்ணோக்கியாலேயே கண்டறியப்பட்டது. நுண்ணோக்கிக்கும் அகப்படாத சிறு மாற்றங்களை இன்று மைக்ரோஅரே காட்டுகிறது. குழந்தையின் வளர்ச்சி தாமதப்பட்டால், சிறிதளவு இரத்தம் எடுத்து மருத்துவர்கள் இச்சோதனையைச் செய்வதுண்டு.

இத்தகைய குழந்தை பிறந்தால், "கிரகணத்தில் வெளியே போனாள்", "யாரோ விட்ட சாபம்" என்று தாயைப் பழிப்போர் உண்டு. அது தவறு, நேயர்களே! தாயின் வயது ஏறினால் டவுன் நோய்க்குறிக்கான வாய்ப்பும் கூடும். ஆயினும் இளந்தாய்க்கும் அது நேரலாம். குரோமோசோம்கள் பிரியும்போது நேரும் பிசகே அதற்குக் காரணம். யாருடைய பாவமும் அன்று. பழி சொல்லும் நேரத்தில், குழந்தையை மருத்துவரிடம் காட்டுங்கள். தாய்க்கு ஆறுதல் கூறுங்கள்.